ஏழாம் வாய்ப்பாடு சொன்ன வகுப்பு

ஆசிரியர் தொழிலில் பாதி பாடம் சொல்வது. மீதி, காதில் விழுந்ததைச் சொல்லாமல் இருப்பது. முதல் பாதிக்குப் பயிற்சிக் கல்லூரி உண்டு. இரண்டாவதற்குக் கிடையாது. சாக்பீஸ் தூளைச் சுவாசித்தே நரைத்த சக வாத்தியார்களே, இந்த அவஸ்தை உங்களுக்கும் தெரிந்ததுதான். எண்பதுகளின் நடுவில் பம்பாய் தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தேன். அங்கே என்னிடம் படித்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். மெஹரூன் என்பது அவள் நிஜப் பெயரல்ல.

காதில் போட்டது

பள்ளி திறந்த முதல் வாரம். தகரக் கூரையில் மழை ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததால் மெஹரூனின் உம்மா என் காதருகே வந்துதான் பேச முடிந்தது. மகளுக்கு வலிப்பு உண்டு. காலையும் இரவும் மாத்திரை. வந்தால் கையைக் காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்கக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை மனப்பாடமாக ஒப்பித்தாள்.

பழைய பள்ளியில் விஷயம் தெரிந்து, பக்கத்தில் உட்கார ஒரு பிள்ளையும் வரவில்லையாம். தெருவில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம். தோல்பை தைக்கும் பட்டறை நடத்தும் வாப்பா, இங்கேயும் வெளியே தெரிந்தால் படிப்பு போதும் என்று சொல்லியிருந்தார். கிளம்பும்போது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க காதுல போட்டது ஒங்க காதுலயே கெடக்கட்டும் டீச்சர்."

என் புத்திசாலித்தனம்

ஆகஸ்டில் ஒருநாள் சுனாபட்டியில் என் ஓரகத்தி வீட்டு விசேஷத்துக்காக லீவு எடுத்தேன். எனக்குப் பதிலாக வரும் ஆசிரியைக்குத் தெரிய வேண்டுமே என்று வருகைப் பதிவேட்டில் மெஹரூன் பெயருக்கு எதிரே பென்சிலால் சின்னதாக எழுதி வைத்தேன். பிள்ளைகளுக்குப் புரியக் கூடாதென்று ஆங்கிலத்தில், 'ஃபிட்ஸ்' என்று. இங்கிலீஷ் இலக்கியம் படித்தவளின் தந்திரம்!

அந்தப் பதிவேட்டைத் தினமும் ஆபீஸிலிருந்து வகுப்புக்குத் தூக்கி வருபவள் மானிட்டர் செல்வி என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. தாராவியில் வலிப்புக்குப் பெயரே ஃபிட்ஸ்தான் என்பதும் வரவில்லை. மறுநாள் மணியடித்து எல்லோரும் போன பிறகு செல்வி என் மேஜையருகே வந்து நின்றாள். அவளுடைய சித்தப்பாவுக்கும் அது உண்டாம். "நான் யார்ட்டயும் சொல்லல டீச்சர். ஆனா நீங்க எதுக்கு எழுதி வச்சீங்க?"

அன்று நான் ரப்பரால் தேய்த்த வேகத்தில் தாள் கிழிந்தது.

ஸ்டாஃப் ரூம்

எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது என்றால் நானில்லாத நாளில் அவளை யார் பார்ப்பது? மாதுங்காவில் வீட்டுக்குப் போயும் இந்தக் கணக்கு தீரவில்லை. கடைசியில் தலைமையாசிரியரிடம் போனேன். எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லிவிடலாமா என்று நானே கேட்டேன். அவர் ஓய்வுக்கு ஒரு வருஷம் பாக்கியிருந்த, அதிகம் பேசாத மனிதர். நான் லீவு போடும் நாளில் வகுப்புக்கு வருபவரிடம் மட்டும் தானே நேரில் சொல்வதாகச் சொன்னார். மற்றவர்களுக்கு ஏன் தெரிய வேண்டாம் என்பதற்கும் விளக்கம் வைத்திருந்தார். "தேவைப்பட்டவங்களுக்குத் தெரிஞ்சா அது மருந்து. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா அது சாயாவுக்கு பிஸ்கட், மேடம்."

முதுகுகள்

நவராத்திரி விடுமுறை முடிந்து வந்த வாரம். கணக்குப் பாடம். மெஹரூனின் ஸ்லேட் விழுந்தது, பின்னாலேயே அவளும். நான் ஓடிப்போய் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். நாற்பது ஜோடிக் கண்கள். எழுந்து விரட்டவும் முடியவில்லை, அவளை விடவும் முடியவில்லை.

அப்போது செல்வியின் குரல். "எல்லாரும் செவத்தப் பாத்துத் திரும்புங்கல! ஏழாம் வாய்ப்பாடு! சத்தமா!" பெஞ்சுகள் கிறீச்சிட்டன. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு என்று அந்தச் சின்ன அறை அதிர்ந்தது. வாசலில் பியூன் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார், முகர வைக்க. "தோல் செருப்பு டீச்சர், ரப்பர் இல்ல, சட்டுனு கேக்கும்!" கண்ணாலேயே அவரை வெளியே அனுப்பினேன்.

வாய்ப்பாட்டை இரண்டு முறை முடித்து மூன்றாம் முறை பாதியில் இருந்தபோது துடிப்பு அடங்கியது. உதடு வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண் திறந்தவள், வரிசையாக நின்ற முதுகுகளை மலங்க மலங்கப் பார்த்தாள். "எதுக்கு டீச்சர் எல்லாரும் அங்கிட்டுத் திரும்பி நிக்காவ?"

வாப்பா வந்தார்

மூன்று நாள் அவள் வரவில்லை. நாற்பது வாய்கள்; ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு, ஒரு குழாயடி. முடிந்தது என்றே நினைத்தேன். நான்காம் நாள் காலை வாப்பா வந்தார், விரல் நகங்களில் தோல் சாயத்தோடு. பின்னால் மெஹரூன், தோளில் பையோடு. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துப் பேசினார். "எங்க சந்துல ஒங்க கிளாஸ் புள்ளைய பதினொண்ணு இருக்கு டீச்சர். ஒண்ணொண்ணாக் கூப்பிட்டு, அன்னைக்கு கிளாஸ்ல என்ன நடந்துச்சுன்னு கேட்டேன். எல்லாம் ஒரே மாதிரி, ஏழாம் வாய்ப்பாடு சொன்னோம்ங்குது." மகளை உள்ளே போகச் சொல்லித் தலையை அசைத்தார். "இனிமேயாவது எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுங்க."

வாயால் பிழைத்த இத்தனை வருஷத்தில், அதை எப்போது மூடுவது என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த ஐந்தாம் வகுப்பில்தான், அதுவும் கடைசி பெஞ்சு மாணவியாக.