பூட்டனுக்குப் போட்ட மாலை

என் மருமகள் சோஃபி மொன்றியலில் பிறந்த வெள்ளைக்காரி; என் மகனிடம் தமிழ் பழகியவள். அவளுடைய தாயின் பூட்டன் இங்கிலாந்தில் கோர்ன்வால் என்ற இடத்தில் சுரங்க வேலை செய்தவர். கனடாவின் மேற்கில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினாராம். பிறகு ஒரு தகவலும் இல்லை. வேலையால் வந்தால் சோஃபி கணினியில் அவரைத்தான் தேடுவாள். போன மாதம் அவருடைய படம் ஒன்று கிடைத்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள்.

எனக்கும் சந்தோசம். ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். வந்த புதிதில் அங்கேதான் மரக்கறிப் பெட்டி தூக்கினேன், அது வேறு கதை. செவ்வந்திப் பூ வாங்கி, மாலை கட்டி, படத்துக்குப் போட்டேன்.

மகன் கண்டு பதறினான். "அப்பா, அவளைக் கேக்காமல் ஏன் போட்டனீங்கள்? கோவிக்கப்போறாள்."

அவள் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

வந்தவள் மாலையை அண்ணாந்து பார்த்தாள். "வடிவா இருக்கு, மாமா. ஏன் போட்டது?"

"செத்த ஆக்களின்ர படத்துக்கு நாங்கள் போடுறது, பிள்ளை."

அவள் திரும்பி, பக்கத்தில் இருந்த என் தம்பியின் படத்தைக் காட்டினாள். இலங்கையில் சண்டை நேரம் காணாமல் போனவன்.

"அப்ப சித்தப்பாவுக்கு ஏன் போடேல்லை?"

"அவன் செத்ததெண்டு ஆர் சொன்னது? நாங்கள் இன்னும் தேடுறம்."

"நானும்தான், மாமா," என்றாள்.

நான் கதிரையில் ஏறி மாலையைக் கழற்றினேன். அந்தக் காலத்து மனுசன் இனி உயிரோடு இருக்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அதை முடிவாகச் சொல்ல வேண்டியவன் நானில்லை.