நெல்லுக்குப் போர்த்திய டாக்டர்

என் தம்பிக்கு எதிலும் அவசரம். என் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு வந்த மறுநாளே, பூதலூர் கடைத்தெருவில் கட்டுவதற்கென்று ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்து நின்றான். பத்தடிக்கு ஆறடி. வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக யாரோ ஒருவரின் உடம்பு, அதன்மேல் என் மகளின் தலை, தலைக்கு மேலே கொட்டை எழுத்தில் 'டாக்டர்'. பக்கத்தில் அவளைவிடப் பெரிதாகத் தாய்மாமன், கை கூப்பியபடி.

"ரிசல்ட் அன்னிக்கு ஃப்ளெக்ஸ் கடையில கூட்டமா இருக்கும்க்கா" என்றான். திட்டிவிட்டு அதைச் சுருட்டிப் பரணில் போட்டேன். மகளிடம் மூச்சு விடவில்லை.

எம்.பி.பி.எஸ். பட்டியலில் அவள் இல்லை. பல் மருத்துவம், பிசியோதெரபி, கடைசியாக அரசு நர்சிங் கல்லூரி என்று எதிலும் இல்லை. ஒன்பது நாட்கள் அறையே கதி என்று கிடந்தாள். கிடைக்கவில்லை என்பதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் அவளுக்குப் பிடித்த வாழைப்பூ வடையாகச் சுட்டுத் தள்ளினேன். தட்டு வைத்தபடியே திரும்பி வந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

பத்தாம் நாள் மதியம் தம்பி போன் செய்தான். எங்கள் குறுவை நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே குவியலாகக் கிடந்தது. எடை போட எங்கள் முறை இன்னும் வரவில்லை, வானமோ கறுத்துவிட்டது.

"படுதா பத்தலக்கா. பரண்ல இருக்கறதை எடுத்துக்கிட்டு வா."

ஸ்டூலில் ஏறி அதை இழுத்துக்கொண்டிருந்தபோது மகள் வெளியே வந்தாள்.

"நீ வண்டி ஓட்டிக்கிட்டு இதை எப்படிம்மா பிடிப்பே? நான் வர்றேன்."

ஒன்பது நாள் கழித்து அறையை விட்டு வந்தவளை எப்படி வேண்டாம் என்பது? வழியெல்லாம், "என்ன ஃப்ளெக்ஸ்மா இது?" என்று கேட்டாள். நான் வண்டியை இன்னும் முடுக்கினேன்.

படம் தெரியாமல் கவிழ்த்துத்தான் விரித்தேன். பாழாய்ப்போன காற்று புரட்டிப் போட்டது. குவியல்மேல் டாக்டர் மல்லாந்து படுத்துச் சிரித்தாள். மூட்டை தூக்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நான் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிப் போடப் பாய்ந்தேன்.

மகள் குனிந்து பார்த்தாள்.

"மாமா, கையில இவ்வளவு முடி இருக்கு. யாரு உடம்பு இது?"

தம்பி தலையைச் சொறிந்தான். "கடையில கோட்டு போட்ட படம் இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. காற்று மறுபடி ஓரத்தைத் தூக்கவே, அவள் ஓடிப்போய்த் தன் முகத்தின்மேலேயே ஏறி உட்கார்ந்தாள். தம்பியின் கூப்பிய கைகளின்மேல் நான் உட்கார்ந்தேன். மழை கொட்டியது. நெல் நனையவில்லை, நாங்கள்தான் தொப்பலாக நனைந்தபடி வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து ஓய்ந்த மூச்சோடு, "எனக்குக் கிடைக்கலம்மா" என்றாள்.

"ஆமாண்டி, கிடைக்கல" என்றேன்.

என் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள். பிறகு துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல வடை இருக்கா?" என்று கேட்டாள்.