பழசு என்று பெயர் வைத்த கோப்புகள்

புரோகிராம் எழுத எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தப்பாக எழுதி, திருத்தி, மறுபடியும் தப்பாக எழுதிப் படித்ததுதான். அந்தப் படிப்பை நம்பி, பாறசாலையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபுக்கு டேட்டாபேஸ் மென்பொருள் செய்து கொடுத்திருந்தேன்.

அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. எந்த ரிசல்ட்டைப் பதிந்தாலும் அது முதலில் லாக் கோப்பில் எழுதப்படும். பிறகுதான் முதன்மைக் கோப்புக்குப் போகும். முதன்மைக் கோப்பு கெட்டாலும், லாக்குகளை வரிசையாக வாசித்தால் எல்லாம் திரும்பக் கிடைக்கும். ஒரு லாக் நிறைந்ததும் அதை மூடிப் பெயர் வைக்க வேண்டும். அந்த ஃபங்ஷனை எழுதும்போது நான் அதிகம் யோசிக்கவில்லை. ‘பழசு’ என்று போட்டுப் பக்கத்தில் ஓர் எண். பழசு 1, பழசு 2, அவ்வளவுதான்.

அஷ்டமி மாலை சரஸ்வதி முன்னால் பூஜைக்கு வைத்த கம்ப்யூட்டரை, விஜயதசமியன்று பூஜை எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். அந்த விஜயதசமி காலையில் லேபில் வேலை பார்க்கும் அக்கா போனில் கூப்பிட்டார்.

“மக்கா, பூஜை எடுத்துக் கம்ப்யூட்டரைத் தொறந்தேன். ஒடனே கரண்டு போச்சு. வந்த பொறவு பாத்தா ஒரு பேரும் காணல்லே. ஓடி வா.”

“இன்னா வாறேன்க்கா.”

குளத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம், முதன்மைக் கோப்பு கெட்டால் என்ன, லாக் இருக்கிறது, லாக் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். லேபில் ஒருவர் உட்காராமல் நின்றிருந்தார். மகளுக்கு மறுநாள் காரக்கோணத்தில் ஆபரேஷன். ஆறு மாதத்துப் பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்க்காமல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வீட்டிலிருந்த ரிப்போர்ட்டெல்லாம் மழையில் ஊறிப் போயிருந்தது.

“சாரே, கிட்டும் இல்லியா?”

“கிட்டும்” என்றேன், எதையும் பார்ப்பதற்கு முன்பே.

லாக் ஃபோல்டரைத் திறந்தேன். கடைசியாக எழுதிக்கொண்டிருந்த ஒரே ஒரு கோப்பு இருந்தது. பழசு ஒன்றுகூட இல்லை.

“அக்கா, இதுக்குள்ள பழசுன்னு கொறே ஃபைலு கெடந்துதே?”

“அதா? பூஜை வைக்கதுக்கு முன்ன லேபு முழுக்க அடிச்சு வாரினேன். கம்ப்யூட்டரையும் தொடச்சேன். உள்ள பாத்தா பழசு பழசுன்னு ஒரு குமியல். சரஸ்வதிக்க முன்ன பழைய சவத்தையெல்லாம் கொண்டு வைக்க ஒக்குமா? களஞ்சேன்.”

அக்காவைக் குறை சொல்ல முடியாது. மூடிய கோப்பை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று திறந்து போட்டது நான். அதற்குப் பழசு என்று பெயர் வைத்ததும் நான்.

“எப்பம் களஞ்சிய?”

“அஷ்டமிக்கு, பூஜை வைக்க நேரம். விளக்கு வச்சாச்சு.”

“ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணினியளா?” அந்த மனிதர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எலே, நீ எந்த ஊருக்காரன்லே? விளக்கு வச்ச பொறவு குப்பையை யாராவது வெளியே தள்ளுவாவளா? மூலையில கூட்டி வச்சிருக்கேன். பூஜை எடுத்துட்டுக் களையலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கரண்டு போச்சே!”

எல்லாம் ரீசைக்கிள் பின்னில், அக்கா களைந்த வேறு குப்பையோடு அப்படியே கிடந்தன. பழசுகளை மட்டும் திரும்ப எடுத்து, மென்பொருளை வரிசையாக வாசிக்க விட்டேன். பதினேழாவது கோப்பில் திரை அசையாமல் நின்றது. அந்த மனிதர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நானும்தான். பிறகு அது மெல்ல நகர்ந்தது.

பிரிண்டரிலிருந்து காகிதங்கள் சூடாக வந்தன. அவர் அவற்றைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு காரக்கோணம் பஸ்ஸுக்கு ஓடினார்.

நான் அங்கேயே உட்கார்ந்து ஃபங்ஷனைத் திருத்தினேன். மூடிய லாக்கை இனி வாசிக்கலாம், அழிக்க முடியாது. பெயரையும் மாற்றினேன்: ‘களையப்படாது’, பக்கத்தில் எண்.

அக்கா எட்டிப் பார்த்தார். “மொதல்லயே இப்பிடி எழுதியிருந்தா நான் தொடுவேனா?” என்றவர், மவுஸை எடுத்து ரீசைக்கிள் பின் பக்கம் கொண்டுபோனார். “இப்பம் பகலாக்கும். மிச்சக் குப்பையை இனி களையலாம், இல்லியா?”

“வேண்டாம்க்கா” என்று மவுஸைப் பிடித்துக்கொண்டேன். “அந்தப் பிள்ளைக்கு ஆபரேஷன் கழியட்டும்.”