பெண்ணைப் பார்க்க லாட்ஜ் மாடி

நான் நாலாம் கிளாஸோடு நின்றவள். ஆனாலும் தொண்ணூறுகளில் என் மகள் லேபில் என்ன செய்தாள் என்று கேட்டால் சொல்வேன். மாட்டின் குண்டிக்காய்க்கு, அதாவது கிட்னிக்கு, மேல் குட்டியாக ஒரு சுரப்பி உண்டு. பயம் வந்தால் ரத்தத்தில் ஒரு சத்தை விடுவது அதுதான். அதன் செல்களைப் பிரித்துத் தண்ணீரில் போட்டு, மருந்தால் தூண்டினால் அந்தச் சத்தைக் கக்கும். தண்ணீரில் உப்பை ஏற்றிவிட்டால் செல் சுருங்கிவிடும். தூண்டினாலும் கக்குவது குறைந்துபோகும். ஏன் குறைகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி.

“மாவடு மாதிரியா?” என்றேன்.

“சுருங்கறது அப்படித்தான் அம்மா. ஜலம் வெளில வந்துடும், சத்து உள்ளயே நின்னுடும்.”

சுரப்பிக்காக ஐஸ் பெட்டியோடு கசாப்புக் கூடத்துக்குப் போவாள். வலியசாலை அக்ரகாரத்தில் எங்கள் தெருவில் அந்தப் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார்கள். கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வா என்றேன், அவ்வளவுதான். அப்படியே செய்தாள்.

அவள் அப்பாவின் திவசத்துக்கு மூத்தவன் பம்பாயிலிருந்து வந்தான். தெருவில் யாரோ அவன் காதில் ஓதிவிட்டார்கள். வந்ததும் வராததுமாக அடுக்களை வாசலில் நின்றான்.

“மாடு அறுக்கற எடத்துக்குப் போறவ ஆத்துல இருந்தா வாத்தியார் எலைல உக்கார மாட்டார். எங்கயாவது போகச் சொல்லு அவளை.”

“நீ போட்டுண்டு வந்த ஷூவை வாழைமட்டையிலயாடா பண்ணினா?”

“விதண்டாவாதம் பேசாதே. அப்பா காரியமாக்கும்.”

“அவளுக்கும் அப்பாதானேடா.”

மகள் கூடத்தில்தான் நின்றாள். அப்பா படுக்கையில் கிடந்தபோது மூத்திரப் பாத்திரம் எடுத்தவள் அவள். அன்றைக்கு லீவு சொல்லி, தலைக்குக் குளித்து, எள்ளில் கல் பொறுக்கி வைத்திருந்தாள். அண்ணா மாற்றி ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் தர்ப்பையைத் தேடிக்கொண்டிருந்தான்.

“நீ சமையலைப் பாரும்மா,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பிட்ட பிராமணர்களிடம், வழக்கப்படி, “திருப்தியாச்சா?” என்று மகன் கேட்டான். “ஆச்சு” என்றார்கள். மிச்சத்தை வீட்டார் பிரசாதமாகச் சாப்பிட வேண்டும். நான் தொடவில்லை.

“பாவம் சேரும்மா.”

“சேரட்டும்.”

மகள் அதன் பிறகு வீட்டுக்கு வராமல் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பை முடித்தாள், வெளிநாடு போனாள். இப்போது அவன் தெருவெல்லாம், தங்கை பெரிய விஞ்ஞானி என்று சொல்லித் திரிகிறான். அவளோ ஊருக்கு வந்தால் ஸ்டேஷன் பக்கம் தம்பானூரில் லாட்ஜ் அறை எடுத்துக்கொண்டு போன் செய்கிறாள். சொந்த வீடு வைத்துக்கொண்டு, பெற்ற பெண்ணைப் பார்க்க நான் முட்டி வலிக்க லாட்ஜ் மாடி ஏறுகிறேன்.