விட்டுப்போன வரி

அச்சகத்தில் மூலப்பிரதியை உரக்க வாசிப்பது அவள் வேலை. எதிரே அமர்ந்து, அச்சுப்படியில் பிழை பிடிப்பது அவர் வேலை. ஆண்டுக்கணக்காக ஒரே மேசைதான். ஆனால் படியை விட்டு அவர் கண்ணை எடுத்ததில்லை. எடுத்தால் பிழை நழுவிவிடுமாம்.

அன்றைக்கு ஒரு காதல் நாவல். நாயகன் பார்க்கும்போதெல்லாம் நாயகி குனிந்திருப்பாள். அவள் நிமிரும்போது அவன் ஜன்னலைப் பார்ப்பான். பக்கத்துக்குப் பக்கம் இதே கூத்து.

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று அவர் தலை நிமிராமலே அலுத்துக்கொண்டார். "ஒரு வார்த்தை பேசியிருந்தா முதல் அத்தியாயத்துலயே கதை முடிஞ்சிருக்கும்."

"பேசறதுக்கு அந்தாள் கொஞ்சம் நிமிரணுமே சார்."

"சரி, மேல வாசிம்மா."

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அவர் போக வேண்டாமென்றால் அதை உதறிவிடத் தயாராக இருந்தாள். அந்தப் பத்தி முடிந்ததும், வாசிக்கிற குரலிலேயே சொன்னாள்: "திங்கட்கிழமையிலேருந்து நான் வரமாட்டேன். இருன்னு நீங்க சொன்னா இருந்துடுவேன்." அந்த மேசையில் அவளுக்கு வேறு குரல் பழக்கமில்லை.

அவருடைய பேனா நின்றது. "இது படியில இல்லையே! டைப் அடிச்சவன் விட்டுட்டான் பாரு. திரும்பச் சொல்லு."

அவள் நிதானமாகத் திரும்பச் சொன்னாள். அவர் அதை ஓரத்தில் அழகாக எழுதிச் சேர்த்தார்.

"புத்தகத்துலயே உருப்படியான வரி இதுதான். அவ பேசிட்டா. அந்த மடையன் என்ன சொல்றான்?"

"அவன் ஒண்ணும் சொல்லலை சார்," என்றாள்.

சாயங்காலம் வெளியூர் வேலைக்குச் சம்மதம் தெரிவித்தாள்.