எல்லோரையும் மலர் ஆக்கிய விரல்

கல்வராயன் மலையில் எங்கள் ஊருக்கு ஜீப் ஏறுகிற பாதையை வெட்டியது நான். பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலில் ஓடு போட்டது நான். ஓடு ஒழுகியபோது அதைப் பிரித்துக் காங்கிரீட் போட வைத்ததும் நான்தான். மணல் லாரி பாதி மலையில் நின்றுவிட்டது. மீதித் தூரத்துக்கு மணலை மூட்டை கட்டித் தலையில் ஏற்றினோம். முதல் மூட்டை என் தலையில். பாறையில் தண்ணீர் வராது என்று போர் போட வந்தவர்கள் சொன்ன அதே இடத்தில் போட வைத்துத் தண்ணீர் எடுத்தேன். மலை என்றாலே வாத்தியார்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு ஓடிய காலத்தில், சங்கராபுரம் வரை ஜீப்பில் இறங்கி அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். நான் படித்தது மூன்றாவது. அதுவும் முழுசாக இல்லை.

பெருமை பேசுகிறான் கிழவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். ஆனால் இதே கையால் செய்த இன்னொரு காரியமும் இருக்கிறது. அது எந்தக் காகிதத்திலும் என் பேரில் இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பு, இரண்டு டீச்சர். தலைமை டீச்சர் சங்கராபுரத்துக்காரர், ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர். சின்ன டீச்சர் கள்ளக்குறிச்சிப் பெண். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி என் மருமகள். கையெழுத்து அவள் போடுவாள். கூட்டத்துக்குப் போவதும் பேசுவதும் நான்.

பிள்ளைகளின் படிப்பை இனி டேப் என்கிற கைக்கணினியில்தான் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததும், கள்ளக்குறிச்சியில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். டீச்சர்களை ஏற்றிப்போன நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் அரும்பு, சொல் படித்தால் மொட்டு, வாக்கியம் படித்தால் மலர். அரும்புக்குச் சிவப்பு, மொட்டுக்கு மஞ்சள், மலருக்குப் பச்சை. தலைமை டீச்சர் சூடான தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி அந்தத் திரையைத் தொட்டார். தொட்ட விரலை உடனே எடுத்துக்கொள்வார். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் டேப்பை எடுத்து நோண்டிப் பார்த்தேன். ஒரு பெயரை அமுக்கிப் பிடித்தால் எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஒரே தட்டு, எல்லோருக்கும் ஒரே மார்க். பயிற்சி கொடுத்தவர்கூட இதைச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன்.

இரண்டாம் நாள் தலைமைப் பண்புப் பயிற்சி. தலைமை என்பது அதிகாரம் செய்வது இல்லை, திரையில் இருப்பதைப் பார்த்து முடிவெடுப்பது என்றார்கள். திரும்புகிற வழியில் கேட்டேன்.

"இத்தினி வருசமா எந்தத் திரையப் பாத்துக்கினு டீச்சர் நான் முடிவெடுத்தேன்?"

"உங்களுக்குத் தேவையில்லீங்க அய்யா. எனக்குத்தான் கண்ணு தெரியல," என்றார் தலைமை டீச்சர். சின்ன டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார்.

முதல் பருவத்தில் தலைமை டீச்சர் நேர்மையாகச் செய்தார். மூன்று நாள், ஒவ்வொரு பிள்ளையாக. ஊரில் சிக்னல் இல்லை. கடுக்காய் மரத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். அங்கே ஏறிப் போய் அனுப்பினார்கள். பெற்றோர் கூட்டத்தில் யார் யார் அரும்பு என்று வாசித்தபோது, கீழே சந்தைக்குப் பூக்கட்டிக் கொண்டுபோகிற ஒரு பெண் எழுந்து சொன்னாள்.

"எம்பொண்ணு அரும்பாவே இருக்கட்டும் டீச்சர். அரும்புக்குத்தான் வெல ஜாஸ்தி. மலர்ந்துட்டா சாயங்காலம் எவன் வாங்குவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் கட்டிய பள்ளிக்கூடம் திரையில் சிவப்பாக இருந்தது.

அந்தச் சிவப்பை வைத்துத்தான் சின்ன டீச்சர் வேலை செய்தார். மத்தியானம் ஆனால் அரும்புப் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு கொட்டகையில் உட்காருவார். அந்தப் பூக்காரியின் மகள் ஒருநாள் சுவரில் இருந்த 'சாமை' என்ற சொல்லை எழுத்துக் கூட்டித் தானே படித்துவிட்டு, அது தன் வீட்டில் இருக்கிற சாமைதானா என்று கேட்டாளாம். சின்ன டீச்சர் இதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

ஏனென்றால் அதற்கு முந்திய வாரம்தான் கீழே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். எல்லாப் பள்ளிகளையும் வரிசையாகச் சுவரில் படம் காட்டினார்கள். பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. நடுவில் நாங்கள் மட்டும் மிளகாய் காயப்போட்ட மாதிரி. எனக்குப் பின்னால் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "மலையா? அங்க போர்டுக்கும் பிள்ளைங்களுக்கும் பேச்சுவார்த்தையே கெடயாதுங்க." என் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைகளைச் சொன்னார்.

அடுத்த பருவச் சோதனை முடிந்து, அனுப்புவதற்காகப் பாறைக்குப் போனோம். டேப்பை வாங்கிப் பார்த்தேன். சிவப்பு குறைந்திருந்தது. மஞ்சள் நிறைய இருந்தது. பச்சை நாலைந்துதான்.

"இன்னா டீச்சர் இது, மஞ்சளாக் கீது? பச்சையாக்குங்க," என்றேன்.

"தெரியாததத் தெரியும்னு எப்படிங்க போடறது? மஞ்சளே பெரிசுங்க அய்யா. இவ மூணு மாசமாத் தொண்ட கிழியக் கத்தியிருக்கா," என்று சின்ன டீச்சரைக் காட்டினார் தலைமை டீச்சர்.

"கீழ எவனும் தொண்டையப் பாக்கலியே. கலரத்தான் பாக்கறான்."

"வேணாங்க அய்யா," என்றார் சின்ன டீச்சர். அவ்வளவுதான் சொன்னார். என் ஜீப்பில் வந்து என் ஜீப்பில் போகிறவர்கள் என்னிடம் அதற்கு மேல் என்ன சொல்வார்கள்?

ஒரு பெயரை அமுக்கிப் பிடித்தேன். எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்தது. மலர் என்று தட்டினேன். அனுப்பு என்று தட்டினேன். சிக்னல் அன்றைக்கு நன்றாகக் கிடைத்தது.

கீழே அடுத்த கூட்டத்தில் கைதட்டினார்கள். மலைப்பள்ளி ஒன்று முழுப் பச்சை என்று தலைமை டீச்சரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இதைச் சொல்லி எழுத வைப்பதற்கே அர்த்தமில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. இந்தப் பள்ளியில் பின்தங்கிய பிள்ளை ஒருவரும் இல்லை. ஆகவே சின்ன டீச்சருக்குக் கீழே வேறு பள்ளியில் மாற்றுப்பணி.

நான் கீழே கல்வி அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"எல்லாமே மலருன்னு நீங்கதானே அனுப்பியிருக்கீங்க பெரியவரே. இனி யாருக்கு இன்னொரு டீச்சர்?"

"அது டீச்சருங்க போட்டது இல்லீங்க. நான் அமுக்கினது."

அவர் என் கையைப் பார்த்தார். சற்று முன்பு பார்வையாளர் பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் பெயரை எழுத எனக்கு நேரம் பிடிக்கும்.

"டீச்சரக் காப்பாத்த வந்திருக்கீங்க. நல்ல மனசு. ஆனா படிச்சவங்களுக்கே ரெண்டு நாள் பயிற்சி வேண்டியிருக்கு. நீங்க எங்க பெரியவரே அமுக்கினீங்க?"

டேப்பைக் கொடுங்கள், செய்து காட்டுகிறேன் என்றேன். அடுத்த பருவம் வரைக்கும் பூட்டியிருக்கும், யாராலும் மாற்ற முடியாது என்றார். நான் பேசப்போய் நடந்தது ஒன்றுதான். தப்பான பதிவு ஏன் என்று தலைமை டீச்சருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போனது.

அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'எனக்குப் போதிய பயிற்சி இல்லாததால் ஏற்பட்ட தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். முப்பது வருஷம் பாடம் சொல்லித் தந்தவர் எழுதிய வாக்கியம் அது. இப்போது ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவரே. காலையில் டேப்பில் வருகைப் பதிவு, பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகு இன்னொன்று. மத்தியானக் கொட்டகையில் யாரும் இல்லை. மஞ்சளுக்கு வந்த பிள்ளைகள் உண்மையாகவே மஞ்சளுக்கு வந்தார்கள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தத் திரை. அதையும் நான் பச்சையால் மெழுகிவிட்டேன். பூக்காரியின் மகளிடம் போன வாரம் அந்தச் சொல்லைக் காட்டிக் கேட்டேன். முதல் எழுத்தைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொடுக்கலாம் என்று பார்த்தால், எனக்கே அது மெதுவாகத்தான் வருகிறது.

சின்ன டீச்சர் திரும்பி வருவார் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் அலுத்துப் போகிற ஆள் இல்லை. ஆனாலும் அலுத்துவிட்டது.

எனக்கு வேண்டியது இப்போது ஒன்றுதான். பயிற்சி இல்லாததால் ஏற்பட்ட தவறு என்று அலுவலகக் காகிதத்தில் தலைமை டீச்சர் பேரில் இருக்கிற வரியை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் என் முழுப் பெயரைப் போடுங்கள். மூன்றாவது வரை படித்தவன், எவரும் சொல்லித் தராமல் தானாகக் கற்றுக்கொண்டு, தன் விரலாலேயே அமுக்கினான் என்று எழுதுங்கள். அது என் வேலை. அதை இன்னொருவர் கணக்கில் எழுத நான் விட மாட்டேன்.