காலியாக வந்த தண்ணீர் பாட்டில்

“பிள்ளை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்குதும்மா?”

குழந்தைகள் மருத்துவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டு நான்கு மாதம் ஆகிறது. இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சமையலறையில் நீல டிரம் ஒன்று, அன்று காலை அதில் முக்கால் அளவு. பின்வாசலில் இன்னொன்று, அதில் பாதி. எவர்சில்வர் குடம் மூன்று, பிளாஸ்டிக் குடம் ஏழு, ஏழில் இரண்டு காலி. அரிசி களைய எத்தனை செம்பு, குழம்புக்கு எத்தனை, அத்தை மாத்திரை போட வெந்நீர் எவ்வளவு என்றுகூடச் சொல்லியிருப்பேன். நான் பெற்ற ஐந்து வயதுப் பெண் எவ்வளவு குடிக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை.

“ஸ்கூலுக்குப் பாட்டில் குடுத்துவிடுறேன் டாக்டர். காலியாத்தான் வருது” என்றேன்.

மூன்று நாளாக அவளுக்குக் காய்ச்சல். சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது என்று தொடையை இறுக்கிக்கொண்டு அழுதாள். அப்படி அழுத பிள்ளைக்கு அம்மாவாக உட்கார்ந்துகொண்டு பாட்டிலைச் சாட்சிக்கு இழுத்தேன்.

திண்டுக்கல்லில் குடியிருப்பவர்களுக்கு எங்கள் தெருவின் கதையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குழாயில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை வரும். பத்தும் ஆகும், பன்னிரண்டும் ஆகியிருக்கிறது. வீட்டு போர்த் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க ஆகும், வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் இரண்டு மணி நேரம்தான் வரும். தெருப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் பார்த்தவர் “வந்துருச்சு” என்று போடுவார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் போனைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோகிறேன்.

திருமணமாகி வந்த மூன்றாம் மாதம் அத்தை தண்ணீர் பிடித்துக் கணக்குப் பார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார். “எம்.எஸ்ஸி. கணக்கு படிச்சவ. எனக்கு மேல நல்லாப் பாத்துக்குவா” என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னார். பாராட்டு என்றுதான் நினைத்தேன். இந்த வீட்டில் என் படிப்பு பயன்பட்டது அந்த ஒன்றுக்குத்தான். என் கணவர் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். தண்ணீர் வரும் நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. “டென்சன் ஆகாத” என்பார். அதோடு அவர் பங்கு முடிந்தது.

நான் கத்துகிறவள் இல்லை. எல்லாவற்றையும் மெதுவாகத்தான் சொல்வேன். பாதி டம்ளர் மட்டும் ஊத்திக்கோ. வச்சதைக் குடிச்சு முடி. கீழ சிந்தாத பாப்பா. வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணி எடு. ஒரு நாளைக்கு எத்தனை முறை இவற்றைச் சொன்னேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மகள் யு.கே.ஜி.யில் சேர்ந்த வருடம், பள்ளியில் அம்மாக்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். தினசரி மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று வெளியூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்து பேசினார். நல்லவராகத்தான் தெரிந்தார். நான்கு எண்ணி மூச்சை இழுக்க வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். கவலைகளை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். நம் கையில் இல்லாததை அடித்துவிட வேண்டும். நான் கையைத் தூக்கித் தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

“தண்ணி வர்றது உங்க கையில இருக்கா?”

“இல்ல மேடம்.”

“அப்ப அதை விட்டுருங்க. வர்றப்ப வரட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் முன்னால் ஒரு லிட்டர் பாட்டில் இருந்தது. இரண்டு மடக்கு குடித்திருந்தார். கூட்டம் முடிந்ததும் அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். எடுத்துக்கொள்ளலாமா என்று நின்றேன். மற்ற அம்மாக்கள் பார்ப்பார்களே என்று வந்துவிட்டேன். அவர் சொன்னதில் பாதி மறந்துபோனது. அந்தப் பாட்டில் மறக்கவில்லை.

ஆனால் சொன்னதைச் செய்து பழகியவள் நான். அன்று மாலையே தாளில் எழுதினேன். முதல் வரி, தண்ணீர். இரண்டாவது, பாப்பாவின் எடை. மூன்றாவது, அத்தையின் பேச்சு. அத்தை படித்துவிடுவாரோ என்று மூன்றாவதை மட்டும் அழித்துவிட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். தண்ணீரை ஒரு கோடு போட்டு அடித்தேன். ஒரு கோட்டுக்குப் பின்னாலும் எழுத்து தெரியத்தான் செய்தது.

அடுத்த வாரம் ஒரு விடுமுறை நாள் மதியம், அத்தை ரெட்டியார்சத்திரத்தில் காதுகுத்துக்குப் போயிருந்தார். போனைச் சத்தமில்லாமல் வைத்து, படுக்கையறையில் போட்டுவிட்டு, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தேன். நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டேன். பத்து நிமிடம் என்று நினைத்தது எப்போது தூக்கமானது என்று தெரியாது. பல மாதங்களில் நான் தூங்கிய நல்ல தூக்கம் அதுதான்.

அத்தை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தில் எழுந்தேன்.

“என்னத்தா, தெருவே நனைஞ்சு கெடக்கு, நம்ம வாசல் மட்டும் காஞ்சு கெடக்கு?”

நான் ஓடிப் போய்க் குழாயைத் திறந்தேன். காற்று வந்தது.

“பத்து நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி. அதைப் புடிக்கிறதுக்குக்கூட முழிச்சிருக்க ஏலாதா? அம்புட்டுப் படிச்சு என்னத்துக்கு ஆச்சு?”

மூச்சுப் பயிற்சி செய்தேன் என்று சொல்ல முடியுமா? டிரம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். நிமிர்ந்தபோது மகள் கதவருகே நின்றிருந்தாள். கையில் டம்ளர். அவளுக்கு ஊற்றி வைத்திருந்த பாதி டம்ளர் தண்ணீர், ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சிந்தாமல், அதை டிரம்முக்குள் ஊற்றினாள்.

“சமத்து” என்றேன்.

அந்த வார்த்தையைச் சொன்னது அத்தை என்று நினைத்துக்கொள்ளச் சில நாள் முயன்றேன். இல்லை, நான்தான் சொன்னேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவள் தலையையும் தடவிவிட்டுச் சொன்னேன்.

அன்றைக்குப் பிறகு பள்ளியிலிருந்து பாட்டில் காலியாக வந்தது. முன்பெல்லாம் பாதி மிச்சம் வரும். பிள்ளை ஒழுங்காகக் குடிக்கிறாள் என்று நிம்மதியானேன். தாளில் இரண்டாவது வரியைக்கூட அடித்துவிடலாமா என்று யோசித்தேன்.

இப்போது மருத்துவரின் அறைக்கு வருகிறேன். மகள் அத்தையின் மடியில் சுருண்டு கிடந்தாள். பாட்டில் காலியாக வருகிறது என்று நான் சொல்லி முடிக்கவில்லை.

“அது எங்க குடிக்குது” என்றார் அத்தை. “வந்த ஒடனே செருப்பக்கூடக் கழட்டாது. பாட்டிலத் தொறந்து கொடத்துல ஊத்திரும். எம் பேத்திக்கு அம்புட்டுப் பொறுப்பு.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. பேத்தியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுபோனது.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஸ்கூல்ல ஏன் பாப்பா குடிக்கல?”

மகள் என்னைப் பார்த்தாள், பதில் சொல்ல அனுமதி கேட்பதுபோல.

“தண்ணி தீந்துட்டா அம்மா அழும்.”

“யார் சொன்னா?”

“அம்மா எழுதி ஒட்டியிருக்கு. த, ண், ணீ, ர்” என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டினாள். அந்த எழுத்துகளையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மருத்துவர் என்னைத் திட்டவில்லை. மருந்து எழுதினார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தண்ணீர் கொடுக்கச் சொன்னார். “இந்த வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு அடக்கம் ஆகாதும்மா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து அவர் மேல் கோபப்பட்டிருக்கலாம்.

ஆட்டோவில் அத்தை பேத்தியை மடியிலேயே வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது சொன்னார்: “நானுந்தான் மூணு பிள்ளைய இந்தத் தண்ணியிலதான் வளத்தேன்.” எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் போய்த் தாளைக் கிழித்தேன். பசை ஒட்டிய மூலை மட்டும் வரவில்லை. இன்னும் இருக்கிறது.

அதன் பிறகு நிறைய யோசித்தேன். என்னைச் சமாளிக்கத் தெரிந்தவள் என்று தெருவில் சொல்வார்கள். இருப்பதை வைத்து ஓட்டுகிறாள், வாய் திறந்து ஒன்று கேட்பதில்லை என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. என் மகளும் அதைத்தானே செய்தாள்? இருப்பதை வைத்து ஓட்டினாள், வாய் திறந்து கேட்கவில்லை. நான் ஆறு வருடத்தில் கற்றதை அவள் ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டாள். அதற்குப் பெயர் மன உறுதி என்றால் அந்த உறுதி என் பிள்ளைக்கு வேண்டாம். வேண்டாம் என்று எழுதுகிறேன், ஆனால் பின்வாசல் டிரம்மில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதும் எழுதும்போதே தெரிகிறது.

காய்ச்சல் போய்விட்டது, எரிச்சலும் இல்லை. இப்போது டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுக்கிறேன். குடிக்கிறாள். ஒவ்வொரு மடக்குக்கும் டம்ளர் விளிம்புக்கு மேலே கண்ணைத் தூக்கி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சிரிக்கிறேன். அது வரவழைத்த சிரிப்பு என்று அவளுக்குத் தெரிகிறது, “போதும்மா” என்று பாதியில் வைத்துவிடுகிறாள். சரி, பார்க்காமல் இருப்போம் என்று திரும்பி நின்றால் குடிக்கும் சத்தமே நின்றுவிடுகிறது. “நெறைய குடி, நம்மகிட்ட நெறைய இருக்கு” என்று ஒருநாள் சொன்னேன். ஸ்டூலில் ஏறி டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “பொய் சொல்ற” என்றாள். அன்று தண்ணீர் வந்து ஒன்பதாம் நாள்.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்து மீட்டவர்கள் யாராவது இருப்பீர்கள். மூச்சை எண்ணு, தாளில் எழுது என்று மட்டும் சொல்லாதீர்கள், இரண்டையும் செய்துவிட்டேன். தண்ணீர் இன்னும் எட்டு நாளைக்கு ஒரு முறைதான் வரும், என் பயமும் இன்றைக்கே போகாது. இரண்டையும் வைத்துக்கொண்டு, அவள் குடித்து முடிக்கும்வரை என் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.